சம்மதத்தை நம்பாத இருதயராஜ்

செய்தி எனக்கு ஒரு தட்டச்சு வேலையாக வந்தது. காலையில் என் தட்டச்சு நிலையத்தைத் திறந்து இயந்திரங்களைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அரிசி ஆலையின் குமாஸ்தா உள்ளே வந்து மேசையில் ஒரு தாளை வைத்தார். "பாய், இதை ஸ்டென்சில் வெட்டணும். அவசரம்னு முதலாளி சொன்னாங்க" என்றார். மேலே ‘இரங்கல் கூட்டம்’ என்று எழுதியிருந்தது. அதன் கீழே, ‘நமது ஆலைத் தொழிலாளரின் மனநிறைவை ஆராய்ந்து நிறுவிய அறிஞர் அமரர் இருதயராஜ் அவர்கள்’ என்று இருந்தது. அந்த ‘அமரர்’ என்ற சொல்லைப் படித்துத்தான் என் நண்பர் போய்விட்டதை நான் தெரிந்துகொண்டேன்.

"யாரு சொன்னா?" என்று கேட்டேன்.

"பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியிலேர்ந்து போன் வந்துச்சு பாய். அந்தப் பக்கம் போன் இருக்கிறது நம்ம ஆலையில மட்டும்தானே. அவங்க அக்காவுக்குச் சொல்லிட்டோம்."

"சொன்ன கையோட இதை எழுதிட்டீங்களாக்கும்?"

"முதலாளி சொல்லச் சொல்ல எழுதினேன் பாய். என்மேல ஏன் கோவப்படுறீங்க?"

வாய் தானாக ‘இன்னா லில்லாஹி’ என்றது. கை அந்தத் தாளைத் தள்ளிவிட்டது. சாவுச் செய்தி கேட்டால் முதலில் கண் கலங்க வேண்டும். எனக்கு முதலில் அருவருப்புத்தான் வந்தது. மனநிறைவை நிறுவினாராம்! அவர் தம் கையால் கிழித்துப் போட்ட ஒரு பொய்யை, அவர் கண்ணை மூடியதும் எடுத்து ஒட்டி, அவர் நெற்றியிலேயே பொட்டாக வைக்கப் பார்க்கிறார்கள். அவரை அறிந்தவர்களுக்கும் அறியாதவர்களுக்கும் உண்மை இன்னதென்று சொல்ல வேண்டும். அதற்காகத்தான் இந்த அஞ்சலியை எழுதுகிறேன். இனிக்க இனிக்க எழுதும் மனநிலையில் நான் இல்லை என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

இருதயராஜ் அவர்கள் காரைக்காலில் மாதா கோயில் பக்கத்தில் பிறந்தவர். தந்தையார் சைகோனில் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். அந்த வீட்டுப் பிள்ளை என்றால் பிரெஞ்சு படிக்க வேண்டும், கப்பல் ஏற வேண்டும், பென்ஷனோடு திரும்பி வர வேண்டும். இவரோ எல்லையைத் தாண்டித் திருச்சிக்குப் போய் வணிகவியல் படித்தார். பெற்றோருக்குப் பின் அவரை வளர்த்த அக்காவுக்கு அது கடைசிவரை ஜீரணமாகவில்லை. "கடைக்காரன் மவனுங்ககூட இதைப் படிக்கப் போகலையேடா" என்பார். "அவங்க தானா கத்துக்கிட்டாங்க. எனக்கு மண்டை போதலை, அதான் காலேஜுக்குப் போனேன்க்கா" என்று இவர் சிரிப்பார்.

பிரெஞ்சுக்காரர் ஆண்ட எங்கள் ஊர் இந்தியாவோடு சேர்ந்தபின் அலுவலகம் எல்லாம் இங்கிலீஷுக்கு மாறியது. அதுவரை இங்கிருந்தவை பிரெஞ்சு இயந்திரங்கள். அவற்றில் எழுத்துகள் வேறு வரிசையில் இருக்கும். பழைய குமாஸ்தாக்கள் என் நிலையத்துக்கு வந்து ஒரு எழுத்தை நினைத்து இன்னொன்றைத் தட்டிவிட்டுத் தலையில் அடித்துக்கொள்வார்கள். நான் நாகப்பட்டினத்தில் இங்கிலீஷ் தட்டச்சு கற்றவன். அதனால் என்னிடம் கூட்டம் சேர்ந்தது. அந்தக் கூட்டத்துக்குள் தந்தையாரின் வெயில் தொப்பியோடு ஒருநாள் இருதயராஜ் வந்து நின்றார். எம்.லிட். ஆராய்ச்சிக்குப் பதிவு செய்திருப்பதாகவும், வினாத்தாள் அடிக்க வேண்டும் என்றும் சொன்னார்.

"என்ன ஆராய்ச்சி மிசியே?" என்றேன், பிரெஞ்சுத் துரையை அழைப்பதுபோல், கிண்டலாகத்தான்.

"அரிசி ஆலையில ஆட்களை எப்படி நிர்வாகம் பண்றாங்கன்னு."

"முதலாளி சொல்றாரு, ஆளு செய்யிது. இதுல ஆராயறதுக்கு என்ன இருக்கு?"

"அதைத்தான் பாய் நானும் தெரிஞ்சுக்கணும்" என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். அன்று முதல் அவருக்கு நான் பாய், எனக்கு அவர் மிசியே. அவரோடு வேலை செய்வது சுலபமில்லை என்பதையும் மறைக்க மாட்டேன். ஒரு காற்புள்ளிக்காக முழுப் பக்கத்தையும் திரும்ப அடிக்கச் சொல்வார். ரொட்டியைப் பிய்த்துத் தின்றபடியே படிப்பார். தூளெல்லாம் என் இயந்திரத்துக்குள் போகும். எத்தனையோ முறை சண்டை போட்டிருக்கிறோம். தொப்பியை எடுத்துக்கொண்டு எழுந்து போவார். மறுநாள் ஒன்றுமே நடக்காததுபோல் வந்து நிற்பார்.

வினாத்தாள் அவருடையது அல்ல, மேற்பார்வைப் பேராசிரியர் கொடுத்தது. கூலி திருப்தியா, வேலை நேரம் திருப்தியா, மேஸ்திரி நடத்தும் விதம் திருப்தியா என்று வரிசையாகக் கேள்விகள். எதிரே ‘ஆம்’, ‘இல்லை’ என்று இரண்டு கட்டம். இருதயராஜ் அதைத் தூக்கிக்கொண்டு ஆலைக்குப் போய், வேலை செய்யும் பெண்களிடம் ஒவ்வொருவராகக் கேட்டு எழுதினார். எல்லாரும் ஒரே பதிலைச் சொன்னார்கள்: "சம்மதமுங்க." அவர் ‘ஆம்’ கட்டத்தில் குறித்துக்கொண்டே வந்தார். ‘இல்லை’ கட்டம் மேலிருந்து கீழ்வரை வெறுமையாகக் கிடந்தது.

அந்த அட்டவணையை அடித்தவன் நான்தான். பார்க்க மிக அழகாக இருந்தது. இருதயராஜுக்கு மட்டும் அது பிடிக்கவில்லை. தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். "எல்லாக் கட்டத்துலயும் ஒரே பதில் வந்தா அது பதில் இல்ல பாய். வேற என்னமோ" என்றார். ஆனால் பேராசிரியருக்கு முதல் ஆண்டு அறிக்கை போய்ச் சேர வேண்டிய கெடு வந்துவிட்டது. அனுப்பிவிட்டார். பேராசிரியர் மனம் குளிர்ந்துபோனார். அட்டவணையின் ஒரு பிரதியை ஆலை முதலாளிக்கும் அனுப்பினார். முதலாளி அதற்குக் கண்ணாடிச் சட்டம் போட்டு, அலுவலக அறையில் சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டிக்கொண்டார். "தம்பி எப்ப வேணும்னாலும் ஆலைக்கு வரலாம், போகலாம்" என்றும் சொல்லிவைத்தார்.

சில வாரம் கழித்து ஒரு மாலையில் நெரவியைச் சேர்ந்த அஞ்சலை என்ற அம்மாள் என் நிலையத்தின் வாசலில் வந்து நின்றார். ஆலையில் வேலை செய்பவர். உள்ளே வரச் சொன்னால் வரவில்லை. இருதயராஜ் எழுந்து வாசலுக்குப் போனார்.

"ஐயா, நாங்க சொன்னதை மேலிடத்துக்கு அனுப்பிட்டீங்களாமே. எங்க பேருல ஒண்ணும் வராதுங்களே?"

"என்ன வரும்மா? எதுக்குக் கேக்குறீங்க?"

"இல்லைன்னு சொன்னா பிரான்சு கட்சின்னு எழுதிடுவாங்கன்னு மேஸ்திரி சொன்னாரு. அதான் எது கேட்டாலும் சம்மதம்னு சொல்லிடணும்னு நாங்க பேசி வெச்சுக்கிட்டோம். இந்தியாவுல சேந்ததுக்கு எங்க எல்லாருக்கும் சம்மதந்தாங்க. அதை நல்லா எழுதிக்குங்க."

இருதயராஜ் மெதுவாகக் கேட்டார்: "நான் கூலி போதுமான்னுதானேம்மா கேட்டேன்?"

"கேட்டீங்க. நாங்க அதுக்கா பதில் சொன்னோம்?"

எனக்குச் சிரிப்பு வந்தது. கொஞ்சம் யோசித்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. அந்த அம்மாள் சொன்னதில் என்ன தப்பு? இணைப்புக்குக் கையெழுத்து வாங்க வந்தவர்களும் இதேபோல் கட்டம் போட்ட தாளோடுதான் வந்தார்கள். இணைப்பு வேண்டாம் என்றவர்களுக்கு என்ன நடந்தது, வேண்டும் என்றவர்களுக்கு அதற்கு முன்னால் என்ன நடந்தது என்பதையெல்லாம் இந்த ஊர் கண்ணால் பார்த்திருக்கிறது. ஊர் கைமாறிய சூடு ஆறுவதற்குள், பிரெஞ்சுப் பென்ஷன்காரர் வீட்டுப் பிள்ளை, தலையில் தொப்பியோடு கையில் தாளோடு வந்து நின்றால் வேறென்ன நினைப்பார்கள்? நம் ஊரில் மட்டும் நடக்கக்கூடிய தவறு அது.

"சரிம்மா, யாரு பேரும் எழுதலை. நீங்களா இப்ப சொல்லுங்க. வேலை எப்படி இருக்கு?" என்றார் இருதயராஜ்.

அஞ்சலை அம்மாள் ஒரு காலைப் படியில் தூக்கி வைத்து விரல்களை விரித்துக் காட்டினார். விரலிடுக்கெல்லாம் வெளுத்து, வெடித்து, நீர் வடிந்துகொண்டிருந்தது. வேப்பெண்ணெய் தடவியிருந்தார். அதையும் மீறி ஒரு வாடை எழுந்து என் முகத்தில் அடித்தது. நான் மூக்கைப் பொத்தினேன். இருதயராஜ் பொத்தவில்லை, குனிந்து பார்த்தார்.

இங்கே ஆலை வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். புழுங்கல் அரிசிக்கு நெல்லைச் சிமெண்டுத் தொட்டியில் ஊறவைப்பார்கள். ஊறும் தண்ணீர் புளித்து நுரைக்கும். செத்த எலி கிடந்தாற்போல் நாறும். ஊறிய நெல்லைத் தொட்டியில் இறங்கி நின்று கூடையில் அள்ள வேண்டும். பிறகு நெல்லை அவித்துக் களத்தில் பரப்பி, பெண்கள் வரிசையாக நடந்து காலால் கிளறிவிட்டுக் காயவைப்பார்கள். தொட்டி வேலை நாற்றமும் ஈரமும். கள வேலை வெயில். ஆனால் வெயிலில் கால் காயும், புண் ஆறும்.

"அப்ப புண்ணு வந்தவங்களைக் களத்துக்கு மாத்திவிட மாட்டாங்களா?" என்று கேட்டார் இருதயராஜ்.

"எங்கேங்க மாத்துறது? களத்துக்கு வியாபாரிங்க வருவாங்க. புண்ணுக் காலு நெல்லுல நடக்கிறதைப் பாத்தா அருவருப்புப்பட்டு வாங்க மாட்டாங்களாம். அதனால நல்ல காலு களத்துக்கு, புண்ணுக் காலு தொட்டிக்குன்னு மேஸ்திரி பிரிச்சுருவாரு."

"ஆறினப்புறம்?"

"தொட்டித் தண்ணியில நின்னா எப்படிங்கய்யா ஆறும்?"

அந்த அம்மாள் போனபின் இருதயராஜ் அந்த அழகான அட்டவணையின் கார்பன் பிரதியை எடுத்து நாலாகக் கிழித்து என் குப்பைக்கூடையில் போட்டார். கோபமாகக்கூட இல்லை. "இது பயம் பாய். பயத்தைக் கட்டம் கட்டி அனுப்பியிருக்கோம்" என்றார். பேராசிரியருக்கு அன்றே ஒரு கடிதம் சொல்லச் சொல்ல நான் அடித்தேன். அட்டவணை செல்லாது, ஆய்வை முதலிலிருந்து தொடங்குகிறேன் என்பதுதான் சாரம்.

பிறகு ஒரு அறுவடைக் காலம் முழுவதும் ஆலைக்கே போய் உட்கார்ந்தார். பொய் அட்டவணை திறந்துவிட்ட கதவு வழியாகத்தான் போனார் என்பதை நினைத்தால் இப்போதும் எனக்குச் சிரிப்பு வருகிறது. கேள்வி கேட்பதையே விட்டுவிட்டார். யார் எங்கே நிற்கிறார்கள், மேஸ்திரி யாரை எங்கே அனுப்புகிறார், ஏன் அனுப்புகிறார் என்று பார்த்துக்கொண்டே இருந்தார். நெடுங்காட்டுப் பக்கமும் திருநள்ளாற்றுப் பக்கமும் உள்ள வேறு ஆலைகளுக்கும் போனார். எங்கும் இதே ஏற்பாடு. யாரும் உட்கார்ந்து திட்டம் போட்டுச் செய்ததில்லை. ஆனால் எல்லா இடத்திலும் புண் வந்தவர் தொட்டியை விட்டு ஏற முடியவில்லை. மாலையில் என் நிலையத்துக்கு வருவார். சட்டையில் தொட்டி வாடை வீசும். தட்டச்சுக் கற்க வரும் பிள்ளைகள் நாற்காலியை நகர்த்திக்கொள்வார்கள். அவருக்கு அது தெரியவே தெரியாது.

இதைப் பற்றி அவர் எழுதிய அத்தியாயத்தை நான் அடித்தேன். ‘இவ்வாலைகளில் ஆளைப் பிரிப்பது திறமையோ அனுபவமோ அல்ல; வாங்க வருபவரின் கண்ணில் எது படக்கூடாது என்பதே’ என்று இங்கிலீஷில் எழுதியிருந்தார். அதற்குக் கீழே விவரங்கள் பக்கம் பக்கமாக. அன்று மதியம் எனக்குச் சோறு இறங்கவில்லை. மறுநாள் இறங்கியது. நாமெல்லாம் அப்படித்தான்.

ஆய்வேட்டின் பிரதிகளைத் தூக்கிக்கொண்டு நானும் அவரோடு பேராசிரியரைப் பார்க்கப் போனேன். மின்விசிறிக்குக் கீழே அவர் பக்கங்களைப் புரட்டினார். தொட்டி அத்தியாயம் வந்ததும் தாளை விரல் நுனியால் பிடித்துக்கொண்டார்.

"மிஸ்டர் இருதயராஜ், நான் உங்களைக் கேட்டது நிர்வாகம். நீங்க கொண்டுவந்திருக்கிறது கால் புண்ணு. இது வைத்தியக் கல்லூரிக்குப் போக வேண்டிய சமாச்சாரம்."

"புண்ணை வெச்சு வேலையைப் பிரிக்கிறாங்க சார். வேலையைப் பிரிக்கிறது நிர்வாகம்தானே?"

"அந்த முதல் அட்டவணை எங்கே? எவ்வளவு நேர்த்தியா இருந்தது. அதை மறுபடி சேருங்க. இந்த அத்தியாயத்தை எடுத்துடுங்க. அடுத்த மாதமே தேர்வுக் குழுவுக்கு அனுப்பிடலாம்."

"அட்டவணை தப்பு சார். அவங்க வேற கேள்விக்குப் பதில் சொல்லியிருக்காங்க."

"பதில் ‘ஆம்’தானே? எந்தக் கேள்விக்குன்னு யார் பார்க்கப் போறாங்க?"

இதைச் சொல்லிவிட்டு அவர் காப்பி வரவழைத்துக் கொடுத்தார். நல்ல காப்பிதான். நான் தம்ளரை அப்படியே மேசையில் வைத்துவிட்டேன். எந்தக் கேள்விக்கு எந்தப் பதில் என்று பார்ப்பதைத் தவிர ஆராய்ச்சிக்கு வேறென்ன வேலை என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. ஒருவேளை படித்தவர்களுக்கு விளங்குமோ என்னவோ.

அந்தப் பட்டத்தை நம்பி ஒரு கல்லூரி அவருக்கு விரிவுரையாளர் இடத்தை வைத்திருந்தது. அக்கா பெண் பார்த்து வைத்திருந்தார். திரும்பி வரும்போது ரயிலில் நான் கெஞ்சினேன். "மிசியே, சரி சார்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. பட்டம் வாங்குங்க. அப்புறம் புஸ்தகமாப் போட்டுக்கலாம்" என்றேன். ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தவர் திரும்பினார். "அவங்க பயந்து சொன்ன சம்மதத்தையே நான் ஏத்துக்கலை பாய். நான் பயந்து ஒரு சம்மதம் சொன்னா அது மட்டும் செல்லுமா?" என்றார்.

அத்தியாயத்தை எடுக்கவில்லை. ஆய்வேடு திரும்பி வந்தது. திருத்தி அனுப்பும்படி குறிப்பு வரும்; இவர் திருத்தாமல் திருப்பி அனுப்புவார். கல்லூரி இடம் வேறொருவருக்குப் போயிற்று. ஆலைக்குப் போய், சட்டம் போட்ட அட்டவணையைக் கழற்றும்படி முதலாளியிடம் கேட்டார்.

"நான் எழுதினதுதாங்க. தப்புன்னு நானே வந்து சொல்றேன்" என்றாராம்.

"படிச்சவங்க இன்னிக்கு ஒண்ணு சொல்லுவீங்க, நாளைக்கு ஒண்ணு சொல்லுவீங்க. நமக்கு முதல்ல சொன்னதே போதும் தம்பி" என்று முதலாளி சிரித்தாராம். மறுநாள் முதல் வாயிற்காவலர் இவரை உள்ளே விடவில்லை.

கடைசிக் காலத்தில் கடைக்காரர்களின் பிள்ளைகளுக்கு வணிகக் கணக்கு சொல்லிக்கொடுத்து வாழ்ந்தார். சிறுநீரகக் கோளாறு சிறு வயதிலேயே இருந்தது, முற்றிவிட்டது. பாண்டிச்சேரிக்குப் போகுமுன் என்னிடம் வந்து, ஆய்வேட்டில் ஒரு காற்புள்ளியைத் திருத்தச் சொன்னார். "யாரு படிக்கப் போறா?" என்று எரிந்து விழுந்தேன். "நீங்க படிப்பீங்கல்ல பாய்" என்றார். அதுதான் அவர் என்னிடம் கடைசியாகப் பேசியது.

அடக்கத்துக்கு ஊர்ப் பெரியவர்கள் பலர் வந்திருந்தார்கள். ஆலைப் பெண்களும் வேலையிலிருந்து நேராக, ஈரச் சேலையோடு வந்தார்கள். வாடை அவர்களுக்கு முன்னால் வந்தது. கைக்குட்டைகள் வரிசையாக மூக்குக்கு ஏறின. ஆலை முதலாளியின் கைக்குட்டையில் அத்தர் மணந்தது. பெண்கள் அதைப் பார்த்துவிட்டுச் சுவரோரம் ஒதுங்கி நின்றார்கள். எல்லாரும் மண் போட்டு நகர்ந்தபின் ஒவ்வொருவராக வந்து போட்டார்கள். அந்த நாற்றத்தை உண்டாக்கி விற்றுச் சாப்பிடுகிறவர்களுக்குத்தான் அது தாங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை இரங்கல் கூட்டம் நடந்தது. தலைமை ஆலை முதலாளி. அழைப்பை நான் அடித்துக் கொடுக்கவில்லை. கையால் எழுதி ஒட்டியிருந்தார்கள். மேடையில் இருதயராஜ் அவர்களின் படம். பக்கத்தில், ஆலையிலிருந்து கழற்றிக் கொண்டுவந்த அந்த அட்டவணை, அதே கண்ணாடிச் சட்டத்தோடு. இரண்டுக்கும் சம அளவில் மாலை போட்டிருந்தார்கள். உயிரோடு வந்து கேட்டபோது கழற்றாதவர்கள், செத்தபின் கழற்றியிருக்கிறார்கள்! பன்னீர் தெளித்தார்கள். "தம்பி எனக்குக் கூடப் பிறக்காத பிறப்பு" என்று முதலாளி கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதைதான். பேராசிரியர் அனுப்பிய செய்தியும் வாசிக்கப்பட்டது. ‘நேர்த்தியான ஆய்வாளர்’ என்று அதில் இருந்தது.

பிறகு கூட்டத்தின் செயலாளர் தீர்மானத்தைப் படித்தார். அமரரின் நினைவாக அந்த அட்டவணையை நூலாக அச்சிட்டு, ஆலைகளைச் சோதிக்கப் புதிதாக வரவிருக்கும் தொழிலாளர் அதிகாரிக்கு முதல் பிரதி வழங்குவது என்று தீர்மானம். எனக்கு அப்போதுதான் முழுதும் புரிந்தது. யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன்.

"எல்லாருக்கும் சம்மதந்தானே?" என்றார் முதலாளி.

"சம்மதம், சம்மதம்" என்றது சபை.

நான் எழுந்தேன். "எனக்குச் சம்மதமில்லை. அது தப்புன்னு இருதயராஜே சொல்லிட்டாரு. கிழிச்சதை என் கண்ணால பாத்தேன்" என்றேன்.

"பாய், உக்காருங்க. இது துக்கக் கூட்டம்" என்றார் செயலாளர். யாரோ என் சட்டையைப் பிடித்து இழுத்தார்கள். மௌன அஞ்சலிக்கு எல்லாரும் எழுந்து நின்றுவிட்டதால், நான் நின்றுகொண்டிருந்ததும் அதில் சேர்ந்துபோயிற்று.

மறுநாள் காலை அதே குமாஸ்தா அதே மேசையில் கூட்ட நடவடிக்கைக் குறிப்பைக் கொண்டுவந்து வைத்தார். ‘தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது’ என்று இருந்தது.

"நான் எந்திரிச்சு நின்னது உங்களுக்குத் தெரியலையா?" என்றேன்.

"தெரிஞ்சுது பாய். முதலாளி இப்படித்தான் எழுதச் சொன்னாங்க." அவர் முகத்தில் அஞ்சலை அம்மாள் முகத்தில் அன்று பார்த்த அதே பயம் இருந்தது. அதற்குமேல் அவரைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. தாளைத் திருப்பிக் கொடுத்து அனுப்பினேன். இயந்திரத்தில் வேறு தாளைப் போட்டு இதை அடிக்கத் தொடங்கினேன்.

மாலையில் அஞ்சலை அம்மாள் வந்தார். வழக்கம்போல் வாசலிலேயே நின்றார்.

"ஐயாவைப் பத்தி எழுதுறீங்களாமே. அதுல எங்க காலைப் பத்தி இருக்குங்களா?"

"இருக்கும்மா."

அவர் கொஞ்சம் யோசித்தார். மேஸ்திரி, ஆலை, கூலி எல்லாம் அந்த யோசனையில் வந்து போயிருக்கும். "எம் பேரு?" என்றார்.

"அதுவும் இருக்கு. வேணாம்னா எடுத்துடறேன்."

"எடுக்காதீங்க" என்றார். நன்றாகக் கேட்கும்படி இன்னொரு தடவை சொன்னார்: "எடுக்காதீங்க பாய்."

மிசியே, நீங்கள் கேட்ட கேள்விக்கு இன்றைக்குத்தான் பதில் வந்திருக்கிறது. அதை வாங்கிக்கொள்ள நீங்கள் இல்லை. உங்களுக்குப் பதில் நான் வாங்கி, இதில் அடித்திருக்கிறேன்; ஆய்வேட்டில் நீங்கள் கடைசியாகச் சொன்ன காற்புள்ளியையும் திருத்திவிட்டேன். போய் வாருங்கள்.